பதினேழாம் பக்கத்து டீக்கறை

1

இந்தக் கதையை ஒரு டீக்கறையிலிருந்து எடுத்தேன். அலெக்சாண்ட்ரியாவில் வடிவமைப்புக் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்த காலத்தில், யாரோ ஒரு மாணவரின் வரைவேட்டில் பார்த்தது. கறை நிஜம். மற்றதெல்லாம் என் கைவேலை.

முதல் தொடக்கம்: கடற்காற்று ஜன்னலை அறைந்த அந்தக் காலையில் ஹாத்திம்—

(வேண்டாம். காற்றுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

இரண்டாவது: ஹாத்திம் ஒரு மேதை.

(அவன் அம்மாவே நம்பமாட்டாள்.)

மூன்றாவது: ஹாத்திம் ட்ராம் நிறுத்தத்துக்கு ஒரு பெஞ்சு வரைந்தான். முதல் நாள், முதல் தாளிலேயே அது சரியாக வந்துவிட்டது. தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

2

ஆசிரியை டாக்டர் நக்வா பாதி மதிப்பெண்ணை வரைவேட்டுக்கு வைத்திருந்தார். சரியான பெஞ்சுக்கு முன்னால் தவறான பெஞ்சுகள் குறைந்தது நாற்பது வேண்டும், தேதியும் நேரமும் போட்டு. இல்லாவிட்டால் இந்த ஆண்டு பட்டம் இல்லை. அவர் ஹாத்திமின் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். அதனால் அவனுக்கு ஒரு நன்மையும் விளைந்ததில்லை.

பெருநாள் விடுமுறை முடிந்ததும் நண்பன் கிரோலோஸின் அறையில் உட்கார்ந்து, இரண்டே நாளில் நாற்பது தோல்விகளை வரைந்து பழைய தேதி போட்டான்.

“ரொம்ப சுத்தமா இருக்குடா,” என்றான் கிரோலோஸ். “கஷ்டப்பட்ட மாதிரியே தெரியல.”

“என்ன பண்ணச் சொல்ற? இந்தத் தாள் மேல உக்காந்து அழட்டுமா?”

“கண்ணீர் காஞ்சா தெரியாது, ஹாத்திம் பாஷா. டீ வை.”

பதினேழாம் பக்கத்தில் டீ கிளாஸை வைத்து எடுத்தார்கள். பழுப்பாக ஒரு வளையம். அந்த ஏட்டிலேயே மிக நம்பகமான கோடு அதுதான்.

3

(இங்கே ‘சோம்பேறி’ என்று ஒரு சொல் இருந்தது. ஏமாற்றுவதற்கு இவ்வளவு உழைத்தவனை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. எடுத்துவிட்டேன்.)

4

டாக்டர் நக்வா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பதினேழில் நின்றார்.

“மார்ச் பத்தொன்பது, மதியம் ஒரு மணி. எங்க வரைஞ்ச?”

“ட்ராம் ஸ்டாப்லயே உக்காந்து, டாக்டர்.”

“டீ நல்லா இருந்துச்சா?”

“ஸ்ட்ராங்கா இருந்துச்சு.”

“அன்னிக்கு ரமலான் ஒம்பதாம் நாள், ஹாத்திம்.”

ஹாத்திம் வளையத்தைப் பார்த்தான். அது முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

“ஒண்ணு, நீ நோன்ப விட்டிருக்கணும். இல்ல, இதெல்லாம் போன வாரம் வரைஞ்சிருக்கணும். எது? யோசிச்சுச் சொல்லு. சாயங்காலம் உங்கம்மாவ மாடிப்படில பாப்பேன். ஏழு வயசுலேர்ந்து எம் மவன் ஒரு நோன்பு விட்டதில்லன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாங்க.”

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறான். பட்டம் போகிறது.

முடிவு இரண்டு: டீ குடித்தேன் என்கிறான். பட்டம் வருகிறது. அம்மா படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள்.

முடிவு மூன்று: “டாக்டர், அந்த டீ என்னோடது” என்று கிரோலோஸ் நுழைகிறான். அவன் கிறிஸ்தவன், ரமலான் மதியத்தில் அவன் டீ குடித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. எல்லோரும் தப்பிக்கிறார்கள், என் கதையைத் தவிர. அதனால்தான் நாலாம் பகுதியில் அவனை அறைக்கு வெளியே நிறுத்திவைத்தேன். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரமாவது வேண்டாமா?

(இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பகுதியில் கைவிட்ட இரண்டு தொடக்கங்களும் இதுவரை எழுதியபின் செருகியவை. கஷ்டப்பட்ட மாதிரி தெரியவேண்டுமே. நீங்கள் தேதி கேட்கவில்லை.)

6

“டாக்டர், அந்த டீ வந்து—” என்று ஹாத்திம் ஆரம்பித்துவிட்டான்.

வெளியே கிரோலோஸ் கதவைத் தட்டுகிறான். டாக்டர் நக்வா ஏட்டிலிருந்து நிமிரவில்லை. திறக்க நான் எழுந்திருக்கப்போவதில்லை.

கதவு உங்கள் பக்கம்தான் திறக்கும்.