கோடு பார்த்து வா

தொண்ணூற்றாறாம் வருஷத்து ஓணத்துக்கு வடம் இழுப்பும் உறியடியும் போதாதென்று வெள்ளறடைப் பக்கத்து கிளப் ஒன்று புதிதாக ஒரு போட்டி வைத்தது. ஊர்க் குளத்தில் நீந்த வேண்டும். கரையேறியதும் குவாரி லாரி ஓடிக் கெட்டுப்போன சரளை ரோட்டில் சைக்கிள். மலையடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ரப்பர் தோட்டங்களுக்குள் ஓடி, உச்சிப் பாறையில் நட்டிருக்கும் கொடிக்கம்பைத் தொட வேண்டும். டிவியில் எவனோ எந்த நாட்டிலோ ஓடியதைப் பார்த்துப் பிறந்த யோசனை. என்ன பேர் வைப்பதென்று தெரியாமல் நோட்டீசில் 'மூன்றும் சேர்ந்தது' என்று அடித்தார்கள்.

வேதமணி உச்சிப் பாறையில் நின்றான். தடி வியாபாரம் பார்க்கிறவன், தோட்டங்களில் மரம் வாங்கி வெட்டி விற்பான். மலைக்கு ஏறுகிற வழி அவனைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது என்பதால் வழி அடையாளம் போடுகிற வேலையைக் கமிட்டி அவனிடம் விட்டிருந்தது. மற்றவர்கள் சுண்ணாம்புப் பொடி போடலாம் என்றார்கள். மழை பெய்தால் கரைந்து போகுமே என்று வேதமணி மரத்திலேயே சிவப்பு பெயின்ட் அடித்தான். இரவு மழையும் பெய்தது. அடிவாரத்தில் கமிட்டி போட்ட சுண்ணாம்பு அம்புக்குறிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெயின்ட் அப்படியே நின்றது. காலையில் அதைப் பார்த்துக்கொண்டே மலையேறியபோது அவனுக்குத் தன்மேல் கொஞ்சம் மதிப்புக்கூட வந்தது.

பாறையில் அவனோடு, ஒரு காலை இழுத்து நடக்கிற கிளப் செயலாளர் பரமசிவன் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் ஆபீசர். மலையோரத்தில் தொடங்கப்போகும் சாகசப் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுக்கத் திருவனந்தபுரத்திலிருந்து வந்தவர். பாறைக்கு மறுபக்கத்துச் சுற்றுப் பாதையில் தன் ஜீப்பில் பரமசிவனையும் ஏற்றி வந்திருந்தார். இந்தப் போட்டியில் முதலில் வருகிறவனைக் கையோடு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஓர் ஆள்.

அந்த ஓர் ஆள் சானுவாக இருக்க வேண்டும். வேதமணியின் மனைவி ஜெஸ்மிக்குத் தம்பி. நூல் ஆலையில் ராத்திரி ஷிஃப்டில் கிடந்து, நெஞ்சில் பஞ்சு அடைத்து, ஒரு விடியலில் யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டவன். அக்காள் வீட்டில் மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறான். அவள் சோறு போடும்போது தலை நிமிர மாட்டான். கேட்டால் கறி நல்லாயிருக்கு என்பான். இந்தப் போட்டி நோட்டீஸ் வந்த நாளிலிருந்துதான் அவன் வீட்டுக்குள் சத்தமாகப் பேசியதை வேதமணி கேட்டான்.

அடிவாரத்தில் பலாமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் விஜயதாஸ் கத்திக்கொண்டிருந்தான். குளத்தில் சானு மூன்றாவது. சரளை ரோட்டில் இரண்டு பேர் சறுக்கி விழுந்தார்கள். ஒருத்தனுக்கு செயின் கழன்றது. காஞ்சிரங்குளத்து ஆதித்யன் முன்னே போனான். பிறகு ஏற்றத்தில் சானு அவனைத் தாண்டினான். ஒலிபெருக்கி இரைந்தது.

"ஓய் வேதமணி, மூச்சு விடும். நீரா ஓடுதீரு?" என்றார் பரமசிவன்.

"எனக்க மச்சினன் ஓடுதானே."

"அவன் ஓடட்டும். நீரு மயங்கி விழுந்தா தூக்கிட்டு எறங்க இங்க ஆளில்ல, கேட்டீரா."

ஆபீசர் சிரித்தார். "ஆரா முன்னில்?"

"சானு, சார். நம்ம பையனாக்கும்."

"கொள்ளாம், நல்லது."

சானு சைக்கிளை எறிந்துவிட்டு மலையில் ஏறத் தொடங்கினான். ரப்பர் இலைகளுக்கு இடையில் மஞ்சள் பனியன் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பின்னால் ஆதித்யன் வெகு தூரத்தில் வந்தான். கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை, மணலில் ஓடிப் பழகியவன். சேற்றில் கால் வழுக்கியது.

முந்தின நாள் வேதமணி சானுவிடம் சொல்லியிருந்தான்: "மக்கா, மலையில ஆருகிட்டயும் வழி கேட்டு நிக்காண்டாம். எனக்க கோடு பாத்து வா." வேதமணி இடது கைக்காரன். அவன் இழுக்கிற கோடு இடப்பக்கம் சாய்ந்து விழும். தடி லோடு ஏற்றப் போன நாட்களில் சானு அதை நூறு மரத்தில் பார்த்திருக்கிறான். இருட்டில் கண்டாலும் சொல்லிவிடுவான்.

வழி ஓர் இடத்தில் தோட்டத்து எல்லைச் சுவரான கையாலையை ஒட்டி இரண்டாகப் பிரியும். வலது பக்கம் மலைக்கு; அங்கே அடுத்த கோடு ஒரு வளைவு தள்ளித்தான் கண்ணில் படும். இடது பக்கம் சதாசிவனின் தோட்டம். ஆடிக் காற்றில் அங்கே பாதி மரம் முறிந்து விழுந்து, நின்றதில் தேறாதவற்றைச் சதாசிவன் விற்றிருந்தான். வாங்கியது வேதமணி. ஓணம் கழிந்து வெட்டுவதற்காகப் போன மாசம்தான் ஒவ்வொரு மரத்திலும் சிவப்புக் கோடு இழுத்திருந்தான். அதே டப்பா, அதே தூரிகை, அதே கை. அது தொழில், இது போட்டி. இரண்டும் அவன் மண்டைக்குள் ஒருதரமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றதில்லை.

மஞ்சள் பனியன் கையாலைக்கு வந்தது. ஒரு கணம் நின்றது. இடது பக்கம் திரும்பியது.

வேதமணிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியதும் பாறையின் விளிம்புக்கு ஓடினான்.

"எலே சானு! எலே! வலத்தோட்டு!"

கீழே ஒலிபெருக்கியில் விஜயதாஸ், நம்முடைய சானு மலையை வளைத்துப் பிடித்துவிட்டார் என்று முழங்கிக்கொண்டிருந்தான். வேதமணியின் குரல் பாறையைத் தாண்டவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து மறுபடியும் கத்தினான். இருமல் வந்தது.

அவன் இறங்கி ஓடப் போனான். பரமசிவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்க ஓய் போறீரு?"

"தோட்டத்துக்குள்ள போயிட்டான். அது வெட்டு மரத்துக் கோடு. நான் போய்ச் சொல்லணும்."

"சொந்தக்காரன் வழியில எறங்கி நின்னா அவனைப் போட்டியிலேருந்து தள்ளணும். நீரும் இருந்துதானே சட்டம் போட்டோம். கூடத்தான கையும் தூக்கினீரு."

"பின்ன நீரு போவும்."

"எனக்க காலைப் பாரும். நான் எறங்கதுக்குள்ள அடுத்த ஓணம் வந்திரும். மைக்குக்கு ஆள் விடலாம்னா அதுக்கும் கீழதான போணும்."

வேதமணி நின்றான். காற்றில் முறிந்த தோட்டமாதலால் அது மட்டும் மேலிருந்து திறந்து தெரிந்தது. சானு கோடு போட்ட ஒரு மரத்திடம் ஓடினான். அங்கே நின்று அடுத்த கோட்டைத் தேடினான். கண்டதும் அதற்கு ஓடினான். தேறாத மரங்கள் வரிசையாகவா நிற்கும்? ஒன்று மேட்டில், ஒன்று பள்ளத்தில். அவன் ஏறினான், இறங்கினான், விழுந்த மரத்தைத் தாண்டினான், வந்த பக்கமே திரும்பினான். ஒரு தரம் ஒரு மரத்தில் கை வைத்துக் கோட்டைத் தடவிப் பார்த்தான். சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் கோடு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவன் மறுபடி ஓடினான்.

"எந்தா அயாள் கிடந்து கறங்குன்னது?" என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினார் ஆபீசர்.



ஆதித்யன் கையாலைக்கு வந்தான். அவனுக்கு ரப்பர் மரத்துக் கோடும் தெரியாது, வேதமணியின் கையும் தெரியாது. புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம் ஏதோ கேட்டான். அவள் கட்டைத் தலையில் ஒரு கையால் பிடித்தபடி மறு கையை வலது பக்கம் நீட்டினாள். அவ்வளவுதான். அவன் வலது பக்கம் ஏறினான்.

கொடிக்கம்பை ஆதித்யன் தொட்டபோது பரமசிவன் கை தட்டினார். ஆபீசரும் எழுந்து தட்டினார். வேதமணியின் கை இரண்டு தரம் தட்டியது, அவன் தட்டச் சொல்லவில்லை.

"சார்," என்றான் ஆபீசரிடம். "வழி அடையாளத்தில ஒரு தப்பு வந்துபோச்சு. அவனாக்கும் முன்னால வந்தான். நீங்களும் கண்டீங்க."

"அடையாளம் போட்டது ஆரு?"

"நான்தான்."

"உங்களுக்கு அவன் ஆரு?"

"பெண்டாட்டிக்கத் தம்பி."

ஆபீசர் பரமசிவனைப் பார்த்தார். பரமசிவன் கொடிக்கம்பைப் பார்த்தார்.

"இந்தப் பையனுக்கும் அதே அடையாளம்தானே?" ஆபீசர் ஆதித்யனின் தோளில் கை வைத்தார். குரலில் கோபமே இல்லை. "அவனுக்கு வழி கிட்டியல்லோ."

அதற்கு என்ன சொல்வது? அவன் கோடு பார்க்காததால் வந்துவிட்டான் என்றா? ஆபீசர் ஆதித்யனைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். பாறைக்கு மறுபக்கம் ஜீப் புறப்படுகிற சத்தம் கேட்டது.

சானு ஐந்தாவதாக வந்தான். முழங்கால்வரை சேறு. கொடிக்கம்பைத் தொட்டுவிட்டுக் காலியான நாற்காலியைப் பார்த்தான்.

"போயாச்சா?"

"போயாச்சு மக்கா."

"ஆரு?"

"காஞ்சிரங்குளத்துக்காரன்."

சானு தலையாட்டினான். மூச்சு வாங்க நேரம் எடுத்தது. "அத்தானுக்க கோடு மாதிரியே இருந்து," என்றான்.

"எனக்க கோடுதான். வெட்டதுக்குப் போட்டது."

திட்டுவான் என்று வேதமணி காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வழிக்குப் போட்டதுன்னு நெனைச்சேன்," என்றான் சானு. "அத்தான் சும்மா இழுக்க மாட்டீங்கல்லா."

பரமசிவன் தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டுக் கொடியைப் பிடுங்கப் போனார்.

சானு பாறையில் உட்கார்ந்து கேன்வாஸ் ஷூவைக் கழற்றினான். கணுக்காலில் அட்டை ஒன்று கடித்து, ரத்தம் குடித்து, புளியங்கொட்டை கணக்காக வீங்கியிருந்தது. தோட்டத்துக்குள் அவ்வளவு நேரம் நின்றால் கடிக்காமல் விடுமா? வேதமணி குந்தி உட்கார்ந்து அதைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

சானு காலை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம் அத்தான். நானே எடுத்துக்கிடுதேன்."

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வேதமணி அப்படியே குந்தியிருந்தான். கீழே ஒலிபெருக்கியில் விஜயதாஸ் ஆதித்யனின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.