நாற்பத்தொன்று முதல் எழுபத்தெட்டு வரை

ஷோரூமில் வண்டி விற்கிற டைக்காரர் மூன்றாவது முறையாகவும் அவளுடைய கேள்விக்குத் தம்பியின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

"வண்டி முன்னாடி எங்கயாவது இடிபட்டிருக்கான்னு கேட்டேன்" என்றாள் அவள்.

"சார், ஒரே ஓனர் ஓட்டின வண்டி. டாக்டர் குடும்பம். வீடு விட்டா கிளினிக், கிளினிக் விட்டா வீடு. ஒரு கீறல் காட்டுங்க, இந்த டையை அவுத்து உங்க கையில குடுத்துடறேன்."

தம்பி சிரித்தான். கேள்வி கேட்டவள் இங்கே நிற்க, 'சார்' அங்கே போனது அவனுக்கு உறைக்கவே இல்லை. அவன் கண்ணெல்லாம் அந்தக் கருநீல வண்டி மேல்தான். ஏழு பேர் உட்காரலாம். கூரையில் கண்ணாடி. இருக்கை முதுகைப் பிடித்துவிடும். எட்டு மாதமாகத் தேடி, புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று தெரிந்து, கடைசியில் இந்தப் பழைய வண்டி ஷோரூமுக்கு வந்து சேர்ந்திருந்தான். அவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார் என்று வீட்டில் ஆறு பேர். இருக்கிற சின்ன வண்டியில் எங்கே கிளம்பினாலும் ஒருவரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். விடப்படுவது யார் என்று கிளம்புகிற அன்று காலையில் வீட்டில் நடக்கிற சண்டை தனிக்கதை.

நாலு மணிக்கு வேறு பார்ட்டி வருகிறது, அதற்குள் கையெழுத்துப் போட்டால் வண்டி உங்களுடையது என்று டைக்காரர் வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். இப்போது மணி மூன்று.

அவளைத் தம்பி கூட்டி வந்ததே ஒரு மரியாதைக்குத்தான். வண்டி இருக்கைகளுக்கு உறை தைக்கிற கடை வைத்திருப்பவள். எதைத் தைத்தாலும் ஒன்றுக்கு இரண்டாக ஓட்டுவதால் தொழிலில் அவளுக்கு 'டபுள் அக்கா' என்று பெயர். அவள் தையல் விட்டுப்போனதாக இதுவரை ஒருவரும் வந்து நின்றதில்லை. வண்டியைப் பார்த்துச் சொல்வதற்கென்று தம்பி நம்பி அழைத்து வந்தது வேறொருவரை. அவன் மனைவியின் தாய்மாமன். எந்த வண்டியைக் கண்டாலும் முதல் வேலையாகச் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பதால் குடும்பத்துக்கே அவர் டயர் மாமா.

மாமா நாலு டயரையும் உதைத்து முடித்துவிட்டு, "ஒண்ணாம் நம்பர் வண்டி" என்றார்.

"ஸ்டெப்னியை உதைக்கலையே மாமா" என்றாள் தம்பி மனைவி.

"அது கீழே இருக்கும்மா. குனியணும்."

டபுள் அக்கா முப்பத்திரண்டு கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இதெல்லாம் நாம் கேட்கிற கேள்விதானா என்று நேற்று முழுக்க யோசித்து ஐந்தை அடித்து, காலையில் மறுபடி எழுதியிருந்தாள். கதவு ஒவ்வொன்றையும் திறந்து மூடினாள். கடைசி வரிசையில் தானே போய் உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் தாடையைத் தொட்டது.

"உன் மாமனாரை இங்க உட்கார வெச்சா, இறங்கும்போது மடிச்ச குடை மாதிரிதான் இறங்குவார்" என்றாள்.

"அக்கா, பரீட்சை பேப்பரைக் கொஞ்சம் மூடி வை. எதை எடுத்தாலும் ஒரு நொட்டை."

டைக்காரர் மரியாதையாகப் புன்னகைத்தார். "லேடீஸ்னா கலர், சீட்டு எல்லாம் நல்லாப் பார்ப்பாங்க. பாருங்க, பாருங்க. இஞ்சினை நாம பேசிக்கலாம் சார்."

அவளுக்குக் காது மடல் சூடானது. சரி, சீட்டுத்தானே, பார்க்கிறேன் என்று இறங்கி வந்து, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். தம்பி மனைவியின் இடம் அது. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். எந்தப் பயணமானாலும் முன்னால்தான்.

தோல் உறை நன்றாகவே இருந்தது. வெல்ல நிறம். பழக்க தோஷத்தில் அவள் கை கதவுப் பக்கமாக, சாய்வின் விளிம்பில் இறங்கியது. விரல் தையலில் ஓடியது. பாதியில் நின்றது.

இரண்டு வரி. தடித்த நூல். அடியில் தையல் முடிகிற இடத்தில் மூன்று கண்ணி திரும்பி, உள்பக்கமாக மடங்கியிருந்தது. வலக்கைக்காரர்கள் வெளிப்பக்கம் திரும்பி முடிப்பார்கள். இப்படி உள்ளே மடக்குவது இடக்கைக்காரர்கள். அவள் இடக்கைக்காரி.

ஊரில் வேறு இடக்கைத் தையல்காரர்கள் இல்லாமலா போவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இறங்கி வண்டியைச் சுற்றிப் போய், ஓட்டுநர் இருக்கையின் அதே விளிம்பைத் தடவினாள். அங்கே ஒற்றை வரிதான். மெல்லிய நூல். தையலிலிருந்து நகத்தளவு துணிப்பட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தது.

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

போன வருடம், ஒர்க்‌ஷாப்காரர் ஒருவர் இந்த வெல்ல நிற உறையைத் தனியாகக் கழற்றிப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். விளிம்பு கிழிந்து தொங்கியது. "பிள்ளைங்க ஆடி ஆடிக் கிழிச்சுடுச்சு அக்கா. இனி ஜென்மத்துக்கும் விடக்கூடாது" என்றார். அவள் ஜென்மத்துக்கும் விடாதபடி தைத்தாள். உள்ளே ஒட்டித் தைக்கிற நாடா அன்று தீர்ந்துபோயிருந்ததால் ஒரு பழைய அளவு டேப்பை வெட்டி வைத்துத் தைத்தாள். பாதி கிழிந்த துணிப்பட்டை ஒன்று அசிங்கமாகத் தொங்கியது. அதையும் கத்தரித்து எறிந்தாள்.

நாலு மாதம் கழித்துத்தான், நூல் விற்க வந்தவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்தப் பட்டை இருக்கிற இருக்கைக்குள் காற்றுப்பை இருக்கும். வண்டி மோதினால் அது ஊதி, தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். கிழிய வேண்டும் என்றே அங்கே இளைத்த நூல் போடுவார்கள். அன்றைக்கே நோட்டில் எழுதி வைத்தாள்: 'பட்டை இருந்தால் தொடாதே.' எழுதி அடிக்கோடும் போட்டாள். பழைய பக்கங்களை மட்டும் புரட்டவில்லை.

எந்தப் பிள்ளையும் ஆடி அந்தத் தையலைக் கிழிக்கவில்லை. காற்றுப்பை வெடித்துக் கிழித்திருக்கிறது. டாக்டர் குடும்பம் எதிலோ போய் மோதியிருக்கிறது. அதை மூடி மறைக்கத் தன் கையையே கருவியாக்கியிருக்கிறார்கள். 

சொல்லாமலும் விடலாம். மைலேஜ் சரியில்லை, கலர் பிடிக்கவில்லை என்று ஏதாவது சொல்லலாம். தம்பி கேட்க மாட்டான். டைக்காரர் படிவத்தை மேசையில் விரித்துப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

"தம்பி, பேனாவைக் கீழ வை."

"என்னக்கா?"

"இந்த வண்டி இடிபட்ட வண்டி. அந்த சீட்டுல இருந்த காத்துப்பை வெடிச்சிருக்கு."

டயர் மாமா ஓட்டுநர் இருக்கையில் தாவி ஏறிச் சாவியைத் திருகினார். "இந்தா, ஏதாவது லைட் எரியுதா? ஏர்பேக் போயிருந்தா சிவப்பு லைட் எரியும்மா. நான் இருபது வருஷமா வண்டி ஓட்டறவன்."

"லைட்டை எப்படி அணைச்சாங்கன்னு எனக்குத் தெரியாது மாமா. எனக்குத் தெரிஞ்சது தையல்."

"தையலை வெச்சு ஆக்சிடென்ட் சொல்றது இதுதான் சார் முதல் தடவை" என்று டைக்காரர் தம்பியைப் பார்த்தே சிரித்தார். "நாளைக்கு ஹாரனை வெச்சு ஜாதகம் பார்ப்பாங்க."

"இங்க பாருங்க" என்றாள் அவள். குரல் ஷோரூமின் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பியது. "வந்ததுல இருந்து நான் கேட்கறேன், நீங்க அவன்கிட்ட சொல்றீங்க. இப்ப என்கிட்ட பேசுங்க. அந்தத் தையல் என்னோடது."

"தையல்ல பேரா எழுதியிருக்கு?"

"பேர் இல்லை. நம்பர் இருக்கு. சீட்டுக்குப் பின்னாடி கீழ ஜிப் இருக்கு. திறந்து, இந்த விளிம்புக்கு உள்பக்கம் பாருங்க. மஞ்சள் கலர் அளவு டேப் வெச்சுத் தைச்சிருக்கும். நாற்பத்தொண்ணுல ஆரம்பிச்சு எழுபத்தெட்டுல முடியும். முதல் நாற்பதை வேற வண்டிக்கு வெட்டிட்டேன்."

 டைக்காரர், "அதெல்லாம் கழட்ட அனுமதி இல்லைங்க" என்றார். அனுமதி இல்லை என்ற சொல்லைக் கேட்டதும்தான் தம்பிக்கு முகம் மாறியது. வந்ததிலிருந்து டைக்காரர் இல்லை என்று சொன்ன முதல் இடம் அது. அவன் பின்கதவைத் திறந்து மண்டியிட்டான். ஜிப்பை இழுத்தான். கைபேசி விளக்கை உள்ளே அடித்தான்.

உள்ளே தலையை நுழைத்து விளிம்பைப் பார்த்தான்.

"நாற்பத்தொண்ணு" என்றான். குரல் இறங்கியிருந்தது. "நாற்பத்திரெண்டு. நாற்பத்திமூணு."

"போதும்டா, வாய்ப்பாடு ஒப்பிக்காதே" என்றார் மாமா.

"டேப்புக்குப் பக்கத்துல என்ன இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"இரும்புச் சட்டம் இருக்கு. ரெண்டு போல்ட்டு ஓட்டை. ஒரு ஒயர் தொங்குது." நிறுத்தினான். "வேற ஒண்ணும் இல்லைக்கா. காலி."

தம்பி மனைவி வண்டியை விட்டு ஓர் அடி பின்வாங்கி நின்றாள். "அண்ணி, அங்க உட்காரப் போறது நான்தானே" என்றாள். 

மாமாவுக்கு யாரையாவது கோபித்தே ஆக வேண்டியிருந்தது. "நீயே தைச்சுட்டு, நீயே வந்து குத்தம் சொல்றியாம்மா? நல்லா இருக்கே கதை!"

டைக்காரர் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். முதல் முறையாக நேராக அவளைப் பார்த்தார். முதல் முறையாக, "மேடம்" என்றார். "அப்ப தப்பு உங்க பேர்லதானே மேடம்? எங்களுக்கு வந்த வண்டியை நாங்க அப்படியே வெச்சிருக்கோம்."

"என் பேர்லதான். நான் இல்லைன்னு சொல்லலையே. என்ன ஏதுன்னு கேட்காம தைச்சேன். பட்டையையும் நானே வெட்டினேன். தெரியாம செஞ்சேன்னு சொன்னாலும் என் தப்பு எங்கயும் போயிடாது. சரி, உங்களுக்கு வருவோம். இடிபடவே இல்லைன்னு டையை அவுக்கறேன்னீங்களே, அது யார் தப்பு?"

டைக்காரர் கை தானாகக் கழுத்துக்குப் போய் முடிச்சைச் சரி செய்தது.

"இப்ப எதுக்குப் பேச்சு? உங்களுக்கு வேற வண்டி காட்டறேன். இதை விட்டுடுங்க."

"நான் விட்டா இது எங்க போகும்?"

டைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றே முக்கால்.

அந்தப் பார்வைதான் அவளைக் கிளம்பிப் போக விடவில்லை. நாலு மணிக்கு இன்னொரு குடும்பம் வரும். இன்னொரு மாமா டயரை உதைப்பார். இன்னொரு பெண் அந்த வெல்ல நிறத் தோலைத் தடவிப் பார்த்து, தையல் எவ்வளவு கெட்டி என்று சந்தோஷப்படுவாள். கெட்டியாகத் தைத்தது யார்? அவள் கைப்பையைத் திறந்து, தையல் பிரிக்கிற சிறு கத்தியை எடுத்தாள்.

"மேடம், வண்டியைத் தொட்டீங்கன்னா போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. சீக்கிரமா வரச் சொல்லுங்க. இதை யார் கொண்டு வந்து குடுத்தாங்க, எந்தத் தேதி, எல்லாம் என் கடை நோட்டுல இருக்கு. படிச்சுக் காட்டறேன்."

டைக்காரர் கைபேசியை எடுத்தார். கையில் பிடித்தபடியே நின்றார்.

அவள் இருக்கையில் ஒரு முழங்காலை ஊன்றி, உள்ளே மடங்கிய மூன்று கண்ணியில் கத்தியைக் கொடுத்தாள். முதல் கண்ணி அறுக்க மறுத்தது. பாவி மகள், என்ன தையல் தைத்து வைத்திருக்கிறாள் என்று தன்னையே வைதாள். இரண்டாவது இழுப்பில் விட்டது. ஒரு வரி பிரிந்ததும் அடுத்த வரி. வெளிச்சம் போதாமல் கண்ணைச் சுருக்கியபோது, விளிம்பில் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது. தம்பி கைபேசியை நீட்டிப் பிடித்திருந்தான். அவன் முகம் இன்னும் தொங்கித்தான் கிடந்தது. ஆனால் கை ஆடவில்லை.

தோல் வாய் பிளந்தது. மஞ்சள் டேப் வெளியே சரிந்து தொங்கியது. அதற்குப் பின்னால் வெறும் இருட்டு. யார் வந்து உட்கார்ந்தாலும் இனி அது கண்ணில் படாமல் போகாது.

கடைக்கு அவள் வந்து சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது. பின்னாலேயே தம்பியும் மனைவியும் வந்தார்கள். அவன் வாசலில் நின்று, "வாங்கப்போற வண்டின்னு ஆபீஸ் பூரா போட்டோ காட்டிட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னான். அவள் பழைய நோட்டை இறக்கி, நூல்காரர் வந்த தேதியிலிருந்து பின்னோக்கிப் புரட்டினாள். எந்த வேலையில் என்ன செய்தோம் என்று எழுதி வைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. 'பட்டை வெட்டியது' என்று அவள் கையெழுத்திலேயே பதினொரு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்.

தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். "எல்லாத்துக்கும் பேசப் போறீங்களா அண்ணி? உங்க கடைப் பேர் என்ன ஆகும்?"

"டபுள் அக்கான்னு இருக்கறதை சிங்கிள் அக்கான்னு ஆக்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, முதல் எண்ணை அழுத்தினாள்.

"உங்க வண்டி சீட்டு தைச்சேனே, அந்தக் கடையில இருந்து பேசறேன். நான் தப்பாத் தைச்சிருக்கேன். வண்டி மோதினா காத்துப்பை வெளிய வர முடியாது. நீங்க கொண்டு வந்தா பிரிச்சு, சரியான நூல் போட்டுத் தரேன்."

 மறுமுனை கத்தத் தொடங்கியது. என் பொண்டாட்டி பிள்ளைங்க ஒரு வருஷமா அதுலதான் போறாங்க, உனக்கெல்லாம் எதுக்கு ஊசி நூலு என்று அந்த ஆள் போட்ட சத்தம் வாசலில் நின்ற தம்பிக்கே கேட்டது. அவன் கைபேசியைப் பிடுங்க வந்தான். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

அவர் கேட்கிற ஒவ்வொன்றும் நியாயம். அவள் முழுக்கக் கேட்டாள்.

"கத்துங்க" என்றாள் கடைசியில். "கத்திட்டு, இன்னைக்கே வண்டியைக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் முன் சீட்டுல யாரையும் உட்கார வைக்காதீங்க."

வைத்துவிட்டு, நோட்டில் அந்தப் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டாள். பிறகு, இன்னும் வண்டி வரவில்லையே என்று நினைத்து அதை அடித்துவிட்டு, இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.