தாளின் மூன்றாம் வரி

1
இந்தக் கதை ஒரு முறைப்பாட்டுக் கடிதமாகத்தான் தொடங்கியது. கடிதத்தில் அடங்காத கோபம் இங்கே வந்து சேர்ந்தது. இருந்தவர்கள்: ஆசிரியை ஜெமீலா, சுவரோரக் கதிரையில், மடியில் சிலேட்டுடன், அவள் கணவர் ஸலாஹுதீன், கதவடியில், ஒரு கால் வெளியே, கடிதம் எழுதும் நான், யன்னல் வெளிச்சத்தில். கல்முனை, 2010, ஒரு புதன் காலை. (நாளும் இடமும் போடாமல் எனக்கு எழுத வராது.)

2
முதல் தொடக்கம்: ‘மதிப்புக்குரிய ஐயா, தங்களின் மேலான சேவையை—’

விட்டுவிட்டேன். மேலான எதையும் காணவில்லை.

இரண்டாம் தொடக்கம்: சுனாமியாகக் கடல் வந்துபோன பிறகு ஐந்து வருடம் ஜெமீலா தகரக் கொட்டிலில் படிப்பித்தாள். நடுவில் பலகைத் தட்டி, அந்தப் பக்கம் இன்னொரு வகுப்பு. மழை பெய்தால் கூரைச் சத்தத்தை மேவிக் கத்த வேண்டும். கத்திக் கத்திக் குரல்நாணில் சதை வளர்ந்துவிட்டது.

3
கொழும்பில் ஒரு தனியார் சிகிச்சை நிலையம். மயக்கவில்லை, வெட்டவில்லை. கதிரையில் இருத்தி, தொண்டையை விறைக்கச் செய்து, மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு, லேசரால் சதையைச் சுட்டார்கள். மிச்சத்துக்கு இரண்டாம் தடவை வரச் சொல்லி ஒரு தாள் தந்தார்கள். தாள் முழுக்கச் சிங்களம். யுத்தம் முடிந்துவிட்டது, இனி எல்லாரும் ஒன்று என்று பதாகை கட்டிய காலம் அது. பதாகை மட்டும் மூன்று மொழியில் இருந்தது.

(தாதியைக் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். ஜெமீலா சிலேட்டை நீட்டினாள்: ‘அவ நல்லவ. சுடக்குள்ள என்ட கையப் புடிச்சிட்டு நிண்டா.’ எழுதியதை அடித்துவிட்டேன். அப்படியானால் கோபத்தை எங்கே வைப்பது? தாளின்மேல்.)

தாதி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். மெல்லக் கதைக்கச் சொல்கிறாள் என்று ஜெமீலா விளங்கிக்கொண்டாள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து சலாம். சுகம் விசாரிக்க வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சலாம். பதில் சொல்லாமல் விட முடியுமா? ஒன்றையும் மிச்சம் வைக்காமல் குசுகுசுத்தாள். ஆறாம் நாள் குசுகுசுப்பும் போயிற்று.

பிறகு சிங்களம் தெரிந்த ஆள் பிடித்துத் தாளை வாசித்தோம். மூன்றாம் வரி: ‘ஏழு நாள் ஒரு சொல்லும் பேசக் கூடாது. குசுகுசுக்கவும் கூடாது.’

4
குரல் போனதை அறிவித்ததும் நிலையம் அனுப்பிய கடிதம்: ‘நோயாளி அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை. இரண்டாம் தடவைச் சிகிச்சை வழங்க முடியாது.’ அதுவும் சிங்களத்தில். வரும் பள்ளிக்கூடத் தவணைக்குள் குரல் திரும்பாவிட்டால் ஜெமீலாவின் வகுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும்.

“மன்னிப்புக் கேட்டு எழுதுங்க காக்கா,” என்று அண்ணன் முறை வைத்து என்னிடம் சொன்னார் ஸலாஹுதீன். “பணிஞ்சாத்தான் தருவாங்க.”

சிலேட்டு: ‘என்னத்துக்கு மன்னிப்பு? சலாத்துக்குப் பதில் சொன்னத்துக்கா?’

“வாய் தொறக்காமலே இந்தச் சண்டை புடிக்காய் புள்ள. குரல் வந்தா என்ட கெதி என்ன?”

‘கேக்கத்தானே போறீங்க.’

நான் ‘மன்னிக்கவும்’ என்று எழுதியிருந்தேன். பேனையைப் பறித்து, அந்தச் சொல்லை ஜெமீலா வெட்டினாள். வெட்டு விழுந்த கடிதம் எதையும் நான் இதுவரை அனுப்பியதில்லை. இதை அப்படியே மடித்தேன்.

5
முடிவு ஒன்று: பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டிடத்தில் ஜெமீலா இடாப்பைத் திறந்து பிள்ளைகளின் பெயர் கூப்பிடுகிறாள். முடிவு இரண்டு: அவள் வகுப்பில் வேறு ஒரு—

இல்லை. இரண்டையும் எழுத மாட்டேன். அதை எழுத வேண்டியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். நீங்கள் வேண்டுமானால் எழுதிப் பாருங்கள்.

கடிதத்தின் கடைசி வரிகளை மட்டும் தருகிறேன்: ‘தனக்கு வந்த ஒவ்வொரு சலாமுக்கும் பதில் சொன்னதுதான் இவர் செய்த பிழை. இந்த ஒரு கடிதத்துக்குத் தாங்கள் பதில் சொல்லுங்கள். தமிழில்.’

தபாற்கந்தோரில் கடிதம் வாங்கும் பக்கீர் முகைதீன் எங்களுக்குச் சலாம் சொன்னார். ஜெமீலா உதட்டை இறுக்கி நெஞ்சில் கை வைத்தாள். அவளுக்கும் சேர்த்து நாங்கள் இருவரும் சொன்னோம். பசை தடவி உறையை ஒட்டி, பதிவுத் தபாலுக்குக் கொடுத்தேன். அவர் முத்திரை குத்தி, கொழும்புச் சாக்கில் போட்டார்.