டீசல் படிக்க வந்த சார்ஜன்ட்

பன்னிரண்டு வருடம் ராணுவத்தில் சாமான் கிடங்கைக் கட்டி மேய்த்தவர் சார்ஜன்ட் டாக்கெட். வெளியே வந்ததும் ஒரே முடிவு: இனி எதையும் எண்ணக் கூடாது, அடுக்கக் கூடாது, கையில் கிரீஸ் படிய லாரி என்ஜினைக் கழற்றி மாட்ட வேண்டும். ராணுவக் கல்விச் சலுகையில் டீசல் மெக்கானிக் படிப்பில் சேர்ந்தார். பாதி வருடம் வகுப்பு, பாதி வருடம் பட்டறை. கட்டணமும் வீட்டு வாடகையும் அரசாங்கத்தின் பாடு. நிபந்தனை ஒன்றுதான்: பட்டறையில் பார்க்கும் வேலை, படிக்கிற வேலையாகவே இருக்க வேண்டும்.

அதே வகுப்பில், அதே பட்டறையில் நானும் இருந்தேன். ராணுவத்தில் நான் சமையல்காரன். முட்டைப் பொடியைக் கரைத்து ஒரு படையையே பகைத்துக்கொண்டவன்.

அமெரிக்காவின் டென்னசியில் எங்கள் பட்டறை முதலாளி ஹாஸ்கெல்லுக்கு ராணுவத்துக்காரர்கள் என்றால் உயிர். தான் ராணுவத்தில் இருந்ததில்லை, அதனால்தான். அவருடைய சாமான் அறையோ குப்பைமேடு. ஒரு போல்ட்டைத் தேடி மெக்கானிக்குகள் அரை மணி நேரம் வசைபாடுவதைச் சார்ஜன்ட் முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? மறு வாரம் விடியற்காலையிலேயே வந்து, அறையை அளவு வாரியாக அடுக்கிச் சீட்டு ஒட்டிவிட்டார்.

ஹாஸ்கெல் கண்கலங்கிப் போனார். கேக் வெட்டி, சாமான் அறைப் பொறுப்பாளர் என்று அறிவித்தார். என்ஜின் பக்கமே இருந்துவிடுகிறேன் என்று சார்ஜன்ட் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டினார். மேலதிகாரி இரண்டாம் முறை சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை சார்ஜன்டுக்கு. "எஸ் சார்" என்றார். சலுகை போய்விடுமே என்று அன்று மாலையே அவரைத் தனியாகப் பிடித்தேன்.

"சார்ஜன்ட், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு வாரம் மட்டும் சோம்பேறியா இருங்க. அந்தாளே உங்களை என்ஜினுக்குத் துரத்திடுவாரு."

முயன்றார், பாவம். காலையில் எல்லா நட்டையும் ஒரே வாளியில் கொட்டினார். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, சாண்ட்விச்சைத் தொடாமல் உட்கார்ந்து திரும்பப் பிரித்து வைத்தார்.

சலுகை நிபந்தனையைச் சரிபார்க்க வந்த கல்லூரிக்காரி நல்லவள்தான். சாமான் கொடுப்பது டீசல் படிப்பில் சேராது என்று வருத்தத்தோடு சொன்னாள். சலுகை நின்றது. வாடகை நிற்கவில்லை. சார்ஜன்ட் படிப்பை விட்டுவிட்டு, பட்டறையிலேயே முழுநேரச் சம்பளத்துக்குத் தங்கினார்.

நான் தட்டுத்தடுமாறித் தேறினேன். இப்போது லாரிக்கு அடியில் கிடப்பது நான். நேற்று இன்ஜெக்டர் சீல் என்னும் சின்ன வளையம் ஒன்று கேட்டுச் சாமான் அறை ஜன்னலுக்குப் போனேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சார்ஜன்ட் கையை நீட்டி எடுத்தார். கொடுக்காமல் விரலில் வைத்து உருட்டினார்.

"ஏன்டா ஓக்லி, இதை எங்கடா மாட்டுவீங்க?"

"வாங்க சார்ஜன்ட், காட்டுறேன்."

எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சீலை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களிடம் கேட்டார்.