பேஸ் வரிசையில் ஓர் இடம்

பானை வயிற்றுக் கிடாரைப் பெஞ்சின் மேல் ஊன்றி, தொடைகளுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு ஜெபசீலன் அதன் கனத்த கம்பியைச் சுண்டினான். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த கிருபா திடுக்கிட்டு எழுந்துவிட்டாள்.

"என்னங்க, பெஞ்சே அதிருது!"

அது போதும் அவனுக்கு. பெண்டாட்டியையே எழுப்பிவிட்டதே, ஒரு கோயிலை எழுப்பாதா? பம்மலில் மெல்லிசைக் குழு நடத்தும் சிட்டிபாபு தன் வீட்டில் விற்பனைக்கு வைத்திருந்தது இரண்டு பேஸ் கிடார். ஒன்று கரண்டில் ஓடுவது; கூடவே இரும்பு பீரோவில் பாதி உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி. மற்றது இது, வயரே இல்லாமல் வெறும் மர வயிற்றால் ஒலிப்பது. ஜன்னல் வழியாகத் தோல் பதனிடும் ஷெட் நாற்றம் குடலைப் பிடுங்கியது. கிருபா முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

"இது வூட்ல வாசிக்கிற ஐட்டம் சார்," என்றான் சிட்டிபாபு. "பிராக்டீஸுக்கு சோக்கா கீது. மேடைல நாலு பேரு தொண்டைய தொறந்தா இது எங்க கீதுன்னே தெரியாது. அந்த கரண்டு ஐட்டத்த வாங்கிகினு போ. அப்பால வந்து என்னை பேஜார் பண்ணாத."

"கரண்டு கூடாது," என்றான் ஜெபசீலன். காகிதத்தைக் கசக்குவதுபோல் வந்தது குரல்.

அந்தக் குரல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தாம்பரம் கோயில் பாடகர் குழுவில் பேஸ் வரிசையின், அதாவது ஆண்களின் அடிக்குரல் வரிசையின், ஓரத்து இடம் அவனுடையது. பார்சல் ஆபீசில் நாளெல்லாம் மூட்டைக்கு முத்திரை குத்துகிறவனுக்கு, வாரத்தில் ஒரு நாள் தான் யாரென்று தெரிகிற இடம் அது. போன வருஷம், எழுபத்திரண்டில், தொண்டைக் கட்டியை அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ஞாயிறு போய்ப் பார்த்தால், அவன் இடத்தில் சத்தியநாதன் நிற்கிறான். பாடகர் குழு மாஸ்டர் வேதசிரோமணியின் மகன். வேதசிரோமணி வேறு யாருமல்ல, கிருபாவின் கூடப்பிறந்த அண்ணன்தான்.

"மாப்ளே, நீங்க கீழ உக்காந்து கேளுங்க. கேக்கவும் ஆள் வேணும்ல?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். கிருபாவும் சிரித்தாள். மற்றவர்களை மன்னித்தாலும் மன்னிப்பான், அவளை மாட்டான்.

கல்லூரி நாளில் கிடார் பழகியவன். சோல்ஃபா சுரத்தாளில் பேஸ் வரி அவனுக்குத் தூக்கத்திலும் வரும். அதையே கம்பியில் வாசித்துவிட்டுப் போகிறேனே என்று கேட்டான். "ஆல்டர்கிட்ட வயர் இழுக்க விடமாட்டேன். வயர் இல்லாம எதையாவது கொண்டாங்க, பாப்போம்," என்றார் வேதசிரோமணி. அப்படி ஒரு சாமான் உலகத்திலேயே கிடையாது என்ற தைரியம் அந்த மனுஷனுக்கு.

கிடைத்துவிட்டதே! விலையும் கைக்கு எட்டியது. அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கிருபா கேட்டாள்: "எங்கண்ணன் மூஞ்சில கரி பூசத்தானே இவ்வளவும்?"

"ஆமா," என்றான் அவன்.

சனிக்கிழமை ஒத்திகை. பாடகர்கள் நிற்கும் மரப் பலகை மேடையில், பேஸ் வரிசை ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தான். தூக்கி வாசிக்க முடியாத கனம் என்பதால் கிடாரின் அடியைப் பலகையிலேயே ஊன்றிக்கொண்டான். பாட்டு பாதியில் இருக்கும்போது வேதசிரோமணி கடைசி பெஞ்சு வரை நடந்து போனார். காதைச் சாய்த்து நின்றார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல்.

"தாராளமா வாசிங்க மாப்ளே. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல."

ஒத்திகை பார்க்க வந்திருந்த கிருபா வீடு திரும்பும் வழியில்தான் சொன்னாள். "பின்னால ஒண்ணுமே கேக்கலயாம். அண்ணிகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிக்குது அண்ணன். ஊமைக்கு ஊமைக் கிடாராம். வேணாங்க, இனிமே அங்க போகாதீங்க."

 பெஞ்சு அதிர்ந்ததை ஊர் கேட்கும் என்று நம்பிய தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றிருந்தது ஜெபசீலனுக்கு. சிட்டிபாபு படித்துப் படித்துச் சொன்னானே! ஆனாலும் போனான். போகாமலிருந்தால் அந்த முக்காலியையும் எடுத்துவிடுவார்கள். ஞாயிறுதோறும் யார் காதிலும் விழாத பேஸை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தான். பக்கத்தில் நிற்கும் சத்தியநாதன் ஒரு தடவைகூட அவன் பக்கம் திரும்பியதில்லை. அந்தப் பயலைப் பார்க்கும்போதெல்லாம் ஜெபசீலனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுப்பின் பண்டிகை வந்தது. தூணுக்குத் தூண் கரும்பும் வாழைத்தாரும் கட்டி, உட்கார இடமில்லாமல் கூட்டம். ஆர்கனை நிறுத்திவிட்டு வெறும் நான்கு குரலில் பாடும் பாட்டு அன்று. வேதசிரோமணி அதற்கென்றே புதுக் கோட்டு தைத்திருந்தார். எந்த வாத்தியமும் வேண்டாம் என்றவர், ஜெபசீலனைப் பார்த்து மட்டும், "நீங்க வாசிக்கலாம், அதனால என்ன," என்றார். ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

முதல் சரணம் முழுக்க வாசித்தான். இரண்டாவதின் நடுவில் அவனுக்குள் என்னமோ கசந்துபோயிற்று. நிறுத்தித்தான் பார்ப்போமே, எவன் கேட்கப்போகிறான்? உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து அமுக்கினான்.

சபையில் ஒரு தலை திரும்பவில்லை. பாட்டு பாட்டுக்குப் போனது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு.

அப்போது சத்தியநாதன் குனிந்து தன் காலடியைப் பார்த்தான்.

செருப்பில்லாத கால்கள். பலகையில் எதையோ தேடுவதுபோல் கால்விரல்களை விரித்து அழுத்தினான். அவன் குரல் அரைச் சுரம் இறங்கியது. அடுத்து நின்றவன் அவனைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். வரிசை முழுவதும் ஒவ்வொருவராகக் கீழே பார்த்துக்கொண்டே சரிந்தது. டெனர் தடுமாறியது. பெண்கள் மட்டும் மேல் சுரத்தில் தனியாக மாட்டிக்கொண்டு கீச்சிட்டார்கள். இத்தனை வாரமும் இந்தப் பயல்கள் காதால் பாடவில்லை, காலால் பாடியிருக்கிறார்கள்!

சபை இப்போது திரும்பிப் பார்த்தது. வேதசிரோமணியின் கை காற்றில் அப்படியே நின்றது. மகனைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடைசியில் ஜெபசீலனின் உள்ளங்கையைப் பார்த்தார். புதுக் கோட்டின் காலருக்கு மேலே கழுத்து வேர்த்து ஒழுகியது.

"வாசிங்க மாப்ளே," என்றார், உதடு மட்டும் அசைய.

பெண்கள் பக்கம் முதல் வரிசையில் கிருபா முந்தானையை வாயில் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. மூன்றாம் சரணத்துக்கு எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். சத்தியநாதனின் கால்விரல்கள் பலகையில் விரிந்து காத்திருந்தன. கம்பிகள் மேல் ஜெபசீலனின் கை அப்படியே இருந்தது.