மூன்றாம் நாள் ரதி

"கட்" என்று ஜீவராஜ் கத்தினான். கேமரா நின்றது. தப்பு மேளம் நிற்கவில்லை.

மன்மதன் எரிந்து முடிந்திருந்தான். மலையகத்தில் வட்டவளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் காமன் கூத்துப் பொட்டலில், சாம்பலுக்குப் பக்கத்தில், மன்மத வேஷம் கட்டிய தனுஷன் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தான். ரதியாக நடித்த கொழும்பு நடிகை சுலக்ஷனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த மஞ்சள் காப்புக் கயிற்றை வெட்ட ஒரு கத்தரிக்கோல் கேட்டாள். தப்பு அப்போதுதான் நின்றது.

தனுஷனின் அப்பா செல்லசாமி வந்தான். கூத்துக்கு வாத்தியார் அவன்தான். ஆடுகிறவர்கள் கையில் காப்புக் கட்டியதும் அவன்தான். மூன்றாம் நாள் மன்மதனை உயிரெழுப்பிய பிறகே காப்பு அவிழும், அதுவரை கட்டிக்கொண்டவர்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது என்று அவளுக்குப் பொறுமையாகச் சொன்னான். மறுநாள் காலையில் அவளுக்குக் கொழும்பில் வேறொரு படப்பிடிப்பு இருந்தது. அவள் ஜீவராஜைப் பார்த்தாள்.

ஜீவராஜுக்குத் தெரியாத விஷயமில்லை. குரல் உடையாத வயதில் இதே பொட்டலில் ரதி ஆடியவன். அப்போது மன்மதன் செல்லசாமி. பள்ளிக்கூடத்தில் பையன்கள் இவனை ரதி என்றே கூப்பிட்டார்கள். இவன் கல்லெடுத்து எறிவான். கூத்து வந்தால் மறுபடி சேலை கட்டுவான். பிறகு ஹட்டனில் மேதின மேடைகள். பிறகு கொழும்பு. பகலில் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துவிட்டு, மாலையில் ஒத்திகைக்குப் போய் ராஜாவாக நின்றான். மேடை பெயர் கொடுத்தது, சோறு கொடுக்கவில்லை. சிங்களத் தொலைக்காட்சி நாடகங்கள் கொடுத்தன. அதில் பெட்டி தூக்குபவன், தோட்டக்காரன், கதவு திறப்பவன். ஒழுங்காகச் சிங்களம் பேசுகிறவனுக்கு தோட்டத்துத் தமிழன் மாதிரி அதை உடைத்து உடைத்துப் பேசச் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாக உடைத்தான். அதனால்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

ஐம்பது தாண்டித்தான் இயக்க ஒரு படம் கிடைத்தது. தோட்டத்து ஆட்கள் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய், கூனிக் குறுகாமல் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு படம். அவனுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. தோட்டமும் இந்த வருஷத்து மாசிக் கூத்தையே படம் எடுக்க அவனுக்கு விட்டுக்கொடுத்தது. அவன் எழுதிய கதை சாம்பலில் முடிந்தது. அதனால் மூன்றாம் நாளைப் படப்பிடிப்புத் திட்டத்தில் போடவே இல்லை. அவனை அறியாமலே அது கழன்று விழுந்திருந்தது.

"படத்துக்குத்தானேடா காப்பு கட்டுனோம்," என்றான் ஜீவராஜ் தணிந்த குரலில்.

"நீ படத்துக்குக் கேட்ட. நான் தோட்டத்துக்குத்தான் கட்டுனேன்."

செல்லசாமி கோபப்படவில்லை. அந்தப் பிள்ளையைப் போகச் சொல், யாரும் மறிக்கமாட்டார்கள் என்றான். ஆனால் மன்மதனைப் பாதியில் போட்டுவிட்டுப் போன படத்தை இந்த லயத்து வீடுகளிலிருந்து ஒரு ஆளும் பார்க்க வராது என்றும் சொன்னான். ஜீவராஜ் சுற்றிப் பார்த்தான். ஜனம் கலையாமல் நின்றது.

"அவளுக்குப் பதிலா வேற யாராச்சும் கட்டிக்கலாமா?"

"முன்ன ரதி ஆடுனவன் கட்டிக்கலாம். கூத்தக் கேட்டு வாங்கினவன் நீ. கைய நீட்டு."

சூடம் கொளுத்தி, காப்பு கை மாறியது. வேன் கேமராவோடும் சுலக்ஷனாவோடும் இறங்கிப் போனது, ஜீவராஜ் தோட்டத்திலேயே தங்கிவிட்டான். தயாரிப்பாளர் போனில் முதலில் கெஞ்சினார், பிறகு திட்டினார். கடைசியில், கொழும்பில் எடுக்க வேண்டிய மிச்சக் காட்சிகளை உதவி இயக்குநர் எடுப்பார் என்று சொல்லிவிட்டு வைத்தார். எடுத்தும் விட்டார்கள்.

மூன்றாம் நாள் செல்லசாமியின் மனைவி பூரணியின் சேலையைக் கட்டிக்கொண்டு ஜீவராஜ் பொட்டலில் இறங்கினான். தொப்பைக்கு மேல் கொசுவம் நிற்கவில்லை.

"ரதிக்கு எத்தன மாசம்?" என்று பூரணி கேட்டாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவன் பாடினான். பழைய உச்சத்துக்குக் குரல் ஏறவில்லை, கீழேயே பிடித்துக்கொண்டான். கேமராவுக்காக முகபாவத்தை அடக்கி அடக்கியே பழகியவன், மேட்டுத் தேயிலைக்குள் நிற்பவனுக்கும் தெரிகிற மாதிரி கையை வீசினான். கை மறக்கவில்லை. சிரிப்பு எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியாது. உயிரெழுப்பத் தெளித்த மஞ்சள் தண்ணீர் மூக்கில் ஏறியதும் தனுஷன் தும்மிக்கொண்டே எழுந்தான். தப்பு அதிர்ந்தது.

பூரணி பக்கத்தில் வந்தாள். "இது படத்துல வருமாண்ணே?"

"வராது. படத்துல சாம்பல்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பரவால்ல. மிச்சத்த நாங்க பாத்துட்டோம்ல. படம் ஹட்டனுக்கு வந்தா சொல்லுங்க, எல்லாரும் வாறோம்."

செல்லசாமி காப்பு முடிச்சை அவிழ்த்தான். நனைந்து இறுகியிருந்ததால் பல்லால் இழுக்க வேண்டியிருந்தது.

"இனி போலாம்டா நீ," என்றான்.

ஜீவராஜ் சேலையோடே உட்கார்ந்து, குடிக்க ஒரு கோப்பை சூடான சாயத்தண்ணி கேட்டான்.