மிதி, பிடி, விடு

முத்துத்தாய் தன் வலது காலைத் தூக்கித் தரையில் ஊன்றிக் காட்டினாள்.

"இப்பிடித்தான் வச்சாக. வச்சுட்டு, குனிஞ்சு அந்தக் காலையே பாத்தாக. வண்டி பாட்டுக்குப் போகுது. என்னங்கன்னு கேக்கேன், பதிலக் காணோம். பாலத்துச் சுவரு இந்தா கிட்ட வந்துருச்சு. அப்பவும் காலத்தான் பாக்காக."

"பெறகு?"

"பெறகு சீட்டுக்கு நடுவுல இருக்க அந்தக் குச்சிய இழுத்தாக. வண்டி ஒரு சுத்துச் சுத்திக் கருவேலமுள்ளுக்குள்ள போயி நின்னுச்சு. திரும்பிப் பாத்தா, தல தொங்கிருச்சு."

கேதத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் இதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் காலை ஊன்றிக் காட்டினாள். கேட்டவர்கள் முத்துத்தாயைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, எழுந்து பந்தலுக்கு வெளியே போய், சுவரோரம் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தார்கள். பிறகு அதற்குச் சற்றுத் தள்ளி நின்ற செல்வக்குமாரைப் பார்த்தார்கள்.

சத்யபிரியா ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். முத்துத்தாய் அவளுடைய அம்மா. பெட்டிக்குள் இருப்பவர் அவளுடைய அப்பா வெள்ளத்துரை. வெளியே நிற்பவன் அவளுடைய கணவன். அருப்புக்கோட்டையில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் காருக்குப் பின் சக்கர பிரேக்கைச் சரி செய்துகொடுத்தான். வியாழக்கிழமை சாயங்காலம், எம்.ரெட்டியபட்டியில் ஒரு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பரளச்சிக்கு இந்தப் பக்கம் இது நடந்தது.

உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரியில், நெஞ்சோ தலையோ ஏதோ ஒன்று சட்டென்று நின்றிருக்கும், வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது யாருக்கும் போதவில்லை.

"பயத்துல நின்னுருக்கு சித்தப்பா," என்றான் மருதுபாண்டி. சத்யபிரியாவின் தம்பி. கோயம்புத்தூரிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியதிலிருந்து அவன் உட்காரவில்லை. "ஓட்டிக்கிட்டு இருக்கும்போது பிரேக்கு பிடிக்கலைன்னா யாருக்கு நெஞ்சு நிக்காது? அம்மாதான் சொல்லுதே, மிதிச்சாரு, நிக்கலைன்னு."

"மிதிச்சாகன்னுதான்ப்பா சொல்லுது," என்றார் பால்சாமி. அப்பாவின் தம்பி. "நிக்கலைன்னு அது சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதான. தலபாடா அடிச்சுக்கிட்டேன், பின்னாடியும் டிஸ்க் பிரேக்கு இருக்க வண்டியா வாங்குங்கன்னு. எனக்கு எங்க மாப்ள இருக்காக, டிரம்மே போதும்னு சொல்லிட்டாகன்னாரு."

குரலைத் தாழ்த்திப் பேசவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. செல்வக்குமார் தலையைத் திருப்பவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று பால்சாமியின் டிராக்டரில் கயிறு கட்டிக் காரை இழுத்து வந்தபோது, இழுத்திருந்த ஹேண்ட்பிரேக்கை இறக்க யாருக்கும் தோன்றவில்லை. பின் சக்கரங்கள் இரண்டும் உருளாமலே வந்திருந்தன. தெருப் புழுதியில், பிள்ளையார் கோயில் திருப்பத்திலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஏர் ஓட்டியதுபோல இரண்டு கோடுகள்.

ஏதாவது சொல்லுங்களேன் என்று சத்யபிரியா மனசுக்குள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?

அன்றைக்கு ஒர்க்‌ஷாப் லீவு. அதனால் அருப்புக்கோட்டை வீட்டு வாசலிலேயே வேலை. இடது பின் சக்கரத்தைக் கழற்றி, இரும்புச் சட்டிபோல இருந்த டிரம்மை அவன் தட்டி உருவியபோது, உள்ளே ஆயில் கசிந்து கறுப்பு வண்டலாக அப்பியிருந்தது. அப்பா ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, வடையைத் தின்றுகொண்டே கேள்வி கேட்டார்.

"இது என்ன மாப்ள, பிறை கணக்கா ரெண்டு?"

"இதான் ஷூ மாமா. நீங்க பெடல மிதிச்சா ஆயிலு வந்து இது ரெண்டையும் விரிக்கும். விரிஞ்சு டிரம்மோட உள்பக்கத்த உரசிப் பிடிக்கும்."

"மருது வண்டியில?"

"அது டிஸ்க்கு. சக்கரத்தோட சேந்து ஒரு தட்டு சுத்தும். ரெண்டு பக்கமும் கிட்டி போட்ட மாதிரி வந்து அமுக்கும். வேகமா ஓட்டுறவுகளுக்கு அது நல்லது. சூடு சீக்கிரம் ஆறிரும். நம்ம வண்டி எடைக்கு இது போதும். நிறுத்துற வேலையில முக்கால்வாசி முன் சக்கரத்துக்குத்தான். அங்க உங்களுக்கும் டிஸ்க்குதான்."

"அப்ப பின்னாடி இருக்கது, சபையில சும்மா உக்காந்துட்டு வாற ஆளுன்னு சொல்லுங்க."

செல்வக்குமார் சிரித்தான். "ஹேண்ட்பிரேக்கு இதுலதான் மாமா இருக்கு. அதுக்கு ஆயிலே வேணாம். கம்பி. குச்சிய இழுத்தா கம்பி வந்து இதே ஷூவ விரிக்கும். வீடு ஒண்ணுதான், வாசல் வேற. கால் பிரேக்கு என்ன ஆனாலும் இது நிக்கும்."

"ஓட்டும்போது இழுத்தா?"

"படக்குனு இழுத்தா பின்சக்கரம் பூட்டி வண்டி சுத்திரும். கொஞ்சங் கொஞ்சமா இழுக்கணும்."

அப்பா அந்த இடத்திலேயே வடைக் கையோடு காற்றில் ஒரு குச்சியை இழுத்துப் பார்த்தார். இடது கையால்.

ஷூவை விரிக்கும் சின்ன உருளையில்தான் கசிவு. அதை மாற்றிப் புது ஷூ போட்டான். அதன் பிறகுதான் சத்யபிரியாவைக் கூப்பிட்டான். ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்கவேண்டும். மற்றவர் சக்கரத்தடியில் உட்கார்ந்து சின்னத் திருகைத் திறந்து மூடவேண்டும். கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை செய்திருக்கிறாள்.

"மிதி."

மிதித்தாள்.

"பிடி." திருகைத் திறப்பான். காலடியில் பெடல் இறங்கும். மூடுவான்.

"விடு."

அவன் விடு என்று சொல்லுமுன் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் திறந்திருக்கும் வாய் வழியாகக் காற்று உள்ளே போய்விடும். பஞ்சுபோல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, கல்லுபோல நின்றால் சரி என்று அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, "பிடி" என்று சொன்ன கையோடு எதிர்வீட்டு மாரீஸ்வரி கத்தினாள். "யக்கா, தண்ணி வந்துருச்சு." பதினோரு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. எப்போது வரும், எவ்வளவு நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. சத்யபிரியாவின் கால் பெடலிலிருந்து எழுந்ததும், அவள் கதவைத் திறந்ததும், குடத்தைத் தூக்கியதும் ஒரே மூச்சில் நடந்தன. முக்கால் மணி நேரம் தண்ணீர் பிடித்தாள். திரும்பி வந்தபோது சக்கரத்தை மாட்டி முடித்துவிட்டுச் செல்வக்குமார் கை கழுவிக்கொண்டிருந்தான். அப்பா வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அவன் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாகவே அப்போது தோன்றவில்லை.

இப்போது சொன்னால் பழி அவன் கையை விட்டு இறங்கி அவள் காலுக்கு வரும். அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது? சொல்லாவிட்டால் அவன் இந்த வாசலை இனி மிதிக்க முடியாது. முன் சக்கரம்தானே முக்கால்வாசி, பின்னால் கொஞ்சம் காற்று இருந்தால்கூட முன்னால் பிடித்திருக்காதா? பிடித்திருந்தால் அப்பா ஏன் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்? நான்கு நாள் ஓட்டியிருக்கிறாரே, அப்போதெல்லாம் பிடித்ததா? எங்கே தொட்டாலும் நூல் அறுந்தது.

பதினோரு மணிக்கு நீர்மாலைக்குக் கிளம்பினார்கள். மகனும் மருமகனும் தெருக்கோடி அடிகுழாயில் குளித்து, ஆளுக்கொரு குடம் தண்ணீரோடு, தலைக்கு மேலே விரித்துப் பிடித்த வேட்டிப் பந்தலுக்கடியில் வரவேண்டும். கொட்டுக்காரர்கள் முன்னால் போய் நின்றார்கள். செல்வக்குமார் சட்டையைக் கழற்றிவிட்டுக் குடத்தை எடுத்தான்.

மருதுபாண்டி அந்தக் குடத்தின் கழுத்தைப் பிடித்தான்.

"நீங்க வேணாம் மச்சான்."

கொட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. "ஏலே மருது," என்றார் பால்சாமி. "கெடக்க ஆளக் கொண்டு போயிச் சேப்போம். மத்தத பெறகு பேசிக்கலாம்."

"அவரு கை பட்ட தண்ணி எங்கப்பாவுக்கு வேணாம்."

சத்யபிரியா எழுந்தாள். வாயைத் திறந்தாள். செல்வக்குமார் அவளைப் பார்த்து, மிக லேசாகத் தலையை அசைத்தான். வேண்டாம் என்கிறானா, பரவாயில்லை என்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. குடத்தை விட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டான். ஒற்றைக் குடம்தான் வந்தது.

பன்னிரண்டரைக்கு எடுத்தார்கள். சங்கு ஊதியது. பாடை தெருவில் திரும்பியது. முன்னால் போனவர்களின் கால்கள் புழுதிக் கோடுகள் இரண்டையும் அழித்துக்கொண்டே போயின. செல்வக்குமார் எல்லாருக்கும் பின்னால், பத்தடி விட்டு நடந்தான்.

பெண்கள் குளிக்கப் போனார்கள். தலை நனைந்த சத்யபிரியா வாசலுக்கு வந்தபோது, ஆட்கள் எழுந்துபோன நாற்காலிகளுக்கு நடுவே மதார் மைதீன் நின்றுகொண்டிருந்தார். எம்.ரெட்டியபட்டிப் பருத்தி வியாபாரி, அப்பாவின் முப்பது வருஷப் பழக்கம். நேற்று விருந்து அவர் வீட்டில்தான். ஊர் எல்லை வரை கூட நடந்துவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை.

"இத எங்கிட்ட வச்சுக்கிறதா, குடுக்குறதான்னு தெரியல தாயி," என்றார். "காலையில இருந்து என் வண்டிக்குள்ளயே கெடக்கு."

பையில் ஒரு செருப்பு இருந்தது. அப்பாவின் வலது கால் செருப்பு.

"எங்க வீட்டுப் படியில கெடந்துச்சு. நல்லாத்தான் சாப்பிட்டாரு, நல்லாத்தான் பேசுனாரு. படியிறங்கி அவரு வண்டிக்கு நடந்த பெறகு பாக்கேன், இது மட்டும் நடுப்படியில கெடக்கு. எடுத்துக்கிட்டு வாசலுக்கு வாரதுக்குள்ள வண்டி போயிருச்சு. போன்ல சொன்னா வையுவாருன்னு நாளைக்குக் கொண்டாந்து குடுத்துக் கேலி பண்ணலாம்னு வச்சிருந்தேன். ஒத்தக் கால் செருப்போட ஒரு மனுசன் எப்பிடித் தாயி தெரியாம நடந்து போவாரு?"

பையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

காரின் கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே வெயில் அடைந்து நெடி அடித்தது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இடது கால் செருப்பு கிடந்தது. பக்கத்தில் வலதை வைத்தாள். ஹேண்ட்பிரேக் இன்னும் உச்சியில் நின்றது. மருதுபாண்டி காலையிலிருந்து எத்தனையோ முறை காரைச் சுற்றி வந்தான். உள்ளே உட்கார்ந்து பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

உட்கார்ந்தாள். ஈரப் பாதத்தைப் பெடலில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள்.

கொஞ்சம் இறங்கி, நின்றது. இன்னும் அழுத்தினாள். கல்.

விட்டுவிட்டு மறுபடி மிதித்தாள். கல்தான்.

நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. வச்சுட்டு, குனிஞ்சு அந்தக் காலையே பாத்தாக என்று அம்மா காலையிலிருந்து இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். எல்லாரும் பெடலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

யாரோ வரும் காலடி கேட்டது. செல்வக்குமார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மற்றவர்கள் இன்னும் திரும்பவில்லை. அவனைக் கொள்ளிக் குடத்தின் பக்கத்தில் விட்டிருக்கமாட்டார்கள். கதவருகே வந்து நின்றான். பெடலில் இருந்த அவள் காலைப் பார்த்தான். பிறகு தரையில் இருந்த இரண்டு செருப்புகளைப் பார்த்தான்.

"அன்னிக்கு நீங்க சொல்லுறதுக்கு முன்னாடி கால எடுத்துட்டேன்," என்றாள். "தண்ணி வந்துச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"டியூப்புல காத்து முட்டை முட்டையா வந்துச்சு. மாமா சிரிச்சாக. உட்ருங்க மாப்ள, அவளுக்குத் தண்ணி முக்கியம், நான் மிதிக்கேன்னு ஏறி உக்காந்துட்டாக. மறுபடியும் மொதல்லருந்து எடுத்தோம்."

"அப்ப ஏங்க சொல்லல? அவன் அத்தன பேச்சுப் பேசுறான். குடத்தப் பிடுங்குறான்."

அவன் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தான். சூடு தாங்காமல் கையை எடுத்தான்.

"மிதிக்கும்போது ரெண்டு தடவ மாமாவுக்கு வலது காலு வழுக்கிருச்சு. என்ன மாமான்னேன். உக்காந்தே இருந்தேன்ல, மரத்துப் போச்சுன்னாக. நானும் அப்பிடித்தான் நெனச்சேன். இடது கால வச்சு மிதிங்கன்னு சொன்னேன். பிரேக்கு சரியாகணும்ல."

தெருமுனையில் பேச்சுக் குரல்கள் கேட்டன. மருதுபாண்டியின் மொட்டைத் தலை முதலில் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் பால்சாமியும் மற்றவர்களும் ஈர வேட்டியோடு வந்துகொண்டிருந்தார்கள்.

செல்வக்குமார் சக்கரத்தடியில் குந்தி, அவள் பக்கம் பார்க்காமல், மெதுவாகச் சொன்னான்.

"விடு."

அவள் காலை எடுக்கவில்லை.